புதர் மண்டிய கொல்லைப்புறத்தில் பூச்செடிகளைக் கவாத்து செய்த முறை: மதுரை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரைத் திருநகர்ப் பகுதியில் உள்ள பழைய தனி வீடு ஒன்றின் கொல்லைப்புறம் இவ்வாய்வின் பொருள். கவாத்து என்பது செடியின் தண்டுகளையும் கிளைகளையும் முறையாக வெட்டிச் சீர்படுத்துவது. வீடு கிழக்கு பார்த்தது; ஆகவே கொல்லை மேற்கில் அமைந்து, நண்பகலுக்குப் பிந்தைய வெயில் முழுவதையும் வாங்குகிறது. பரப்பு ஏறத்தாழ இரண்டு சென்ட். மேற்குச் சுற்றுச்சுவரை ஒட்டித் தென்கோடியிலிருந்து செவ்வரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி என்று வரிசையாக நிற்கின்றன. வடமேற்கு மூலையில் ஒரு பவளமல்லி. துவைகல்லுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக் குழாய்க்கும் இடையே நான்கு குண்டுமல்லிப் புதர்கள். பின்வாசலிலிருந்து துவைகல்லுக்குச் செல்லும் நடைபாதையின் இருபுறமும் இட்லிப்பூச் செடிகள். இவையன்றி, பக்கத்து வீட்டுக் காகிதப்பூச் செடி ஒன்று சுவரைத் தாண்டி வந்து பவளமல்லியின் மேல் படர்ந்திருந்தது.

வீட்டு உரிமையாளர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் மறைந்தபின் ஐந்தாண்டுகளுக்கும் மேலாகக் கத்தரி படாமல் எல்லாம் வளர்ந்துவிட்டன. செம்பருத்தி பதினோரு அடி உயர்ந்து உச்சியில் மட்டும் பூத்தது. மல்லிகை கோவைக்கொடிக்குள் மறைந்து பூப்பதையே நிறுத்தியிருந்தது. சென்னையில் இருக்கும் மகன் எல்லாவற்றையும் பொக்லைன் வைத்து அகற்றிவிட்டுத் தரைக்கல் பதித்துவிடலாம் என்றார். அம்மாவோ மல்லிகையையும் செம்பருத்தியையும் எடுக்க ஒப்பவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, அவ்வாண்டு சித்திரையில் ஒருவரைக் கூலிக்கு அழைத்து, தென்கோடியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மூன்றடி உயரத்தில் அரிவாளால் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பாதிக் கொல்லையை வெட்டி முடித்து, மறுநாள் வருவதாகச் சொல்லிச் சென்றவர் திரும்பவில்லை.

இந்த அரைகுறை வேலைதான் இக்கொல்லையை ஆய்வுக்கு உரியதாக்குகிறது. ஒரே மண், ஒரே நீர், ஒரே வெயில். பாதி சித்திரையில் வெட்டப்பட்டது, மறுபாதி தொடப்படாதது. ஆவணிக் கடைசியில் ஆசிரியை அழைத்து நாங்கள் பார்க்கப் போனபோது, நான்கு மாத விளைவு கண்முன் இருந்தது.

வெட்டப்பட்ட பகுதியில் கண்டவை

செவ்வரளியும் நந்தியாவட்டையும் பிழைத்திருந்தன; ஆனால் வெட்டுப்பட்ட ஒவ்வொரு முனையிலும் பத்துப் பன்னிரண்டு தளிர்கள் துடைப்பக்கட்டை போல ஒரே இடத்தில் கிளம்பி, தங்களுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றன. மூன்றடிக்குக் கீழே ஓர் இலை இல்லை. புதரைக் குறைப்பதற்காக வெட்டிய வெட்டு, புதரை மூன்றடி மேலே தூக்கி வைத்திருந்தது. செம்பருத்திகளில் தெற்கே நின்ற ஒன்றின் தண்டில் மேற்குப் பக்கப் பட்டை வெடித்து உரிந்திருந்தது. அந்த வெடிப்பில் கரையான் மண் ஏறியிருந்தது. நடைபாதையின் தென்புற இட்லிப்பூக்களில் இரண்டு அடியோடு காய்ந்துவிட்டன.

மதுரையில் சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். பல ஆண்டுகள் தன் இலை நிழலிலேயே இருந்த பட்டைக்கு அந்த வெயிலைத் தாங்கும் பழக்கம் இல்லை. ஒரே நாளில் இலை முழுவதையும் இழந்த செடி, தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருந்த சத்தைக் கொண்டுதான் புதுத் தளிர் விட வேண்டும். அந்தத் தளிர் விரிந்து நிழல் தருவதற்குள் மேற்கு வெயில் பட்டையைச் சுட்டுவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்றில் நீர் கீழிறங்கும் மாதமும் அதுதான். அரளியைப் போன்ற வறண்ட நிலச் செடிக்கு இது பொருட்டில்லை. மெல்ல வளரும் இட்லிப்பூவுக்கு இது மரண அடி. வெட்டிய ஆளின் கையில் குறையில்லை. அரிவாள் கூர்மையாகவே பட்டிருந்தது. மாதமும், எல்லாச் செடிக்கும் ஒரே உயரம் என்ற கணக்குமே தவறு.

ஆகவே தொடங்கும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டோம். இக்கொல்லையில் எவ்வளவு வெட்டுவது என்பதைவிட, எந்தச் செடியை எந்த மாதத்தில் வெட்டுவது என்பதே முதற்கேள்வி. ஒவ்வொரு செடியும் தன் பூவைப் பழைய தண்டில் வைக்கிறதா, புதுத் தளிரில் வைக்கிறதா, எந்தப் பருவத்தில் வைக்கிறது என்பதைப் பார்த்து, அதனுடன் மதுரையின் மழையையும் வெயிலையும் பொருத்தினால் வேலையின் வரிசை தானே கிடைத்துவிடுகிறது. இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. மழை ஓய்ந்ததிலிருந்து கோடை ஏறும் வரை உள்ள மார்கழி, தை, மாசி மாதங்கள்தாம் கடுமையான கவாத்துக்கு உரியவை. அப்போது வெட்டினால் சித்திரை வெயில் வருவதற்குள் செடி தன் தண்டை மூடிக்கொள்ளும்.

புரட்டாசியில் செய்தவை

முதலில் உள்ளே போக வழி வேண்டும். ஐந்தாண்டுச் சருகும் கொடியும் மண்டிய இடத்தில் சாரைப்பாம்பு மட்டுமல்ல, கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடுதான் இறங்க வேண்டும். முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் தடித்த கையுறையும் அணிந்து, நீண்ட கம்பால் தரையைத் தட்டியபடி, வாசல் பக்கத்திலிருந்து சுவரை நோக்கிச் சருகை வாரினோம். பாம்பு வெளியேறச் சுவரோர வடிகால் பக்கம் வழி திறந்தே இருந்தது. கைகளைக் கொடுத்துச் சருகை அள்ளுவதை முற்றிலும் தவிர்த்தோம். நந்தியாவட்டையின் உட்கிளையில் கொண்டைக்குருவியின் கூடு ஒன்று குஞ்சுகளோடு இருந்ததால், அந்தக் கிளையையும் அதைச் சுற்றிய பகுதியையும் குஞ்சுகள் பறக்கும் வரை விட்டுவைத்தோம். அப்படிக் காத்திருப்பதால் செடிக்கு எந்த நட்டமும் இல்லை.

கொடிகளை இழுத்துப் பறிக்கவில்லை. இழுத்தால் உள்ளே இருக்கும் மல்லிகைத் தண்டும் ஒடியும். அடியில் அறுத்துவிட்டு, ஒரு வாரம் காய விட்டு, பிறகு துண்டு துண்டாக எடுத்தோம். அதற்குப்பின் காய்ந்த குச்சிகளை மட்டும் எல்லாச் செடிகளிலிருந்தும் நீக்கினோம். காய்ந்ததை எந்த மாதத்திலும் எடுக்கலாம். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டிப் பார்க்க வேண்டும்.

அரளியிலும் நந்தியாவட்டையிலும் முனைகளில் கூட்டமாக நின்ற தளிர்களில் ஒவ்வொரு வெட்டுமுனைக்கும் வெளிநோக்கிய இரண்டு, மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அகற்றினோம். அத்துடன் ஒவ்வொரு புதரிலும் மூத்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு ரம்பத்தால் அறுத்தோம். இவை இரண்டும் புதுத் தளிர் நுனியில் பூக்கும் செடிகள். வரும் மழையில் அடியிலிருந்தே தளிர்த்துவிடும் என்பதால் மற்றவற்றுக்கு முன்னதாக இவற்றை எடுத்துக்கொண்டோம்.

அரளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் இலை, பட்டை, பூ, வேர் யாவும் நச்சுடையவை. இதயத்துடிப்பைக் குலைக்கும் பொருள்கள் அவற்றில் உள்ளன, காய்ந்தபின்னும் அந்த நச்சு போவதில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் உண்டாகும். வெட்டிய அரளியைக் கொளுத்துவது மிகத் தவறு. புகையை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. தெருவில் போட்டால் ஆடு, மாடு வாய் வைக்கக்கூடும். ஆகவே அரளிக் கழிவை மட்டும் தனிச் சாக்கில் கட்டி, கொல்லையின் தென்கோடியில் ஆழக் குழி எடுத்துப் புதைத்தோம். பக்கத்து வீட்டுப் பெண்மணி விறகுக்குக் கேட்டபோது ஆசிரியை காரணம் சொல்லி மறுத்துவிட்டார். சமையல் அடுப்புக்கு அது ஒருபோதும் போகக் கூடாது.

மல்லிகை

இக்கொல்லையின் உயிர் மல்லிகையில்தான் இருந்தது. ஆசிரியை எங்களை அழைத்ததும் அதற்காகவே. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊரைச் சுற்றியுள்ள திருப்பரங்குன்றம், வலையங்குளம், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு அதன் கவாத்து கைவந்த கலை. வீட்டுக் கொல்லையில் மல்லிகை வளர்ப்பவர்கள் அந்தத் தோட்டங்களைப் பார்த்தாலே பாதி அறிவு கிடைத்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். வலையங்குளத்துப் பக்கத்திலிருந்து ஒரு மல்லிகை விவசாயியை இதற்கென்றே அழைத்து வந்தோம்.

கொடி நீக்கியதும் புதர்களைக் கண்ட ஆசிரியை, அப்போதே வெட்டிவிடலாமா என்று கேட்டார். விவசாயி மறுத்தார்: "கார்த்திகை பாதி தாண்டட்டும் டீச்சரம்மா. இப்ப அறுத்தா ஐப்பசி மழையில தளிரெல்லாம் வீணாப் போகும். பூவும் பனியில மாட்டிக்கிரும்." நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை குண்டுமல்லியைத் தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுவதே இப்பகுதியின் வழக்கம், வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் அதுவே. முல்லைக்கு இந்தக் கணக்குச் சற்றுப் பிந்தி சனவரி இறுதியில் வரும். பனி குறைந்து இளவெயில் ஏறும்போது புதுத் தளிரும், அதன் நுனியிலும் இலைக்கணுவிலும் மொட்டும் வரும்படி இந்தக் காலம் அமைந்திருக்கிறது. குண்டுமல்லி புதுத் தளிரில்தான் பூக்கும். ஐந்தாண்டுகளாக வெட்டாத இப்புதர்களில் பழைய கட்டைகளின் மேல் மெலிந்த குச்சிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. அவற்றில் பூ வருவதற்கு இடமே இல்லை.

கார்த்திகைக் கடைசியில் அவரே நான்கு புதர்களையும் ஒன்றரை அடி உயரத்தில் அறுத்தார். அறுத்தபின் உள்ளே குறுக்காகச் சென்ற குச்சிகளையும், விரலைவிட மெலிந்தவற்றையும், பூச்சி துளைத்த கட்டைகளையும் எடுத்தார். எஞ்சிய தண்டுகளின் இலைகளையும் உருவிவிட்டார். "மொட்டையா நின்னாத்தான் கண்ணு முழிக்கும்" என்றார். இங்கே கண் என்பது தண்டில் உறங்கும் மொட்டு. மண்ணில் படிந்து தானாக வேர் பிடித்திருந்த கொடிக்குச்சிகள் சில இருந்தன. அவற்றை வெட்டி எறியாமல் வேரோடு எடுத்து, இட்லிப்பூ காய்ந்த இடத்தருகே நட்டோம். பதியம் போடும் வேலை செடியால் முன்னமே முடிந்திருந்தது.

பின்பு ஒவ்வொரு புதரைச் சுற்றியும் மண்ணைக் கொத்தி, ஏறத்தாழ பத்துக் கிலோ மக்கிய சாணம் இட்டு, வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மண் அணைத்தோம். தோட்டங்களில் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்தும் (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) ஒவ்வொன்றும் 120 கிராமும் இரண்டு தவணையாக இடுகிறார்கள். வீட்டுக்குப் பறிக்கும் நான்கு புதருக்கு அத்தனை வேண்டாம் என்று சாணத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

மஞ்சள் இலையின் காரணம்

இட்லிப்பூவின் இலைகளும், மல்லிகையின் புதுத் தளிர்களும் மஞ்சளாக இருந்தன. பலரும் உடனே உரம் போதவில்லை என்று யூரியா வாங்கி இடுவார்கள், ஆசிரியையும் இட்டிருந்தார். ஆனால் மஞ்சள் எந்த இலையில், எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. இங்கோ நுனி இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. இது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை; சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேரால் அதை எடுக்க முடிவதில்லை.

நடைபாதை ஓரத்தை ஓரடி தோண்டியதும் விடை கிடைத்தது. வீடு கட்டிய காலத்துச் சிமென்ட் கலவைக் கட்டிகளும் செங்கல் துண்டுகளும் அங்கேயே புதைத்து மூடப்பட்டிருந்தன. ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்பும் சுண்ணாம்பும் உடையது. குழாய் வாயில் படிந்த வெண்பூச்சே அதைக் காட்டியது. வேருக்கு ஊறு செய்யாமல் எடுக்க முடிந்த கட்டிகளை எடுத்துவிட்டு, செம்மண்ணும் இலைமக்கும் நிரப்பினோம். மழைநீர் மாடியிலிருந்து இட்லிப்பூப் பாத்திக்கு வரும்படி குழாயைத் திருப்பினோம். லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் வீதம் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்து, மாலை வேளையில் இலையில் தெளித்து, மாதம் ஒருமுறை தொடர்ந்தோம். இட்லிப்பூவில் வெட்டு என்று எதுவும் செய்யவில்லை. பூங்கொத்து அதன் நுனியில் வருவது, நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பூ இருக்காது. காய்ந்த குச்சியும் உதிர்ந்த கொத்தின் காம்பும் மட்டும் நீக்கப்பட்டன.

தையிலும் மாசியிலும் செம்பருத்தியும் பவளமல்லியும்

செம்பருத்திக்குத் தைப் பிற்பாதியைத் தேர்ந்தோம். பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுத்து, மற்றவற்றின் உயரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம்; மிச்சமுள்ள பழந்தண்டுகள் அடுத்த இரண்டு தைகளுக்கு உரியவை. ஒவ்வொரு வெட்டும் வெளிநோக்கிய கணுவுக்கு அரைவிரல் மேலே, நீர் தங்காதபடி சாய்வாக இருந்தது. புதிதாக வெயில் படும் தண்டுகளின் மேற்குப் பக்கத்தில் நீர்த்த சுண்ணாம்பு பூசினோம். சித்திரையில் பட்டை வெடித்த செம்பருத்தியில் கரையான் மண்ணைத் துடைத்து, செத்த பட்டையைக் கூர்க்கத்தியால் பச்சை தெரியும் வரை சீவி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லியான போர்டோ பசை தடவினோம்.

செம்பருத்தியின் இளங்குருத்துகளில் மாவுப்பூச்சி மொய்த்து, கீழிலைகளில் கரும்பூசணம் படிந்திருந்தது. எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கின. மாவுப்பூச்சி வெளியிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைப் பொறிவண்டு முதலிய எதிரிகளிடமிருந்து காக்கின்றன. ஆகவே எறும்பைத் தடுக்காமல் பூச்சியை ஒழிக்க முடியாது. தாக்குண்ட நுனிகளை வெட்டிச் சோப்பு நீரில் அமிழ்த்தி, எஞ்சியதைக் குழாய் நீரின் விசையால் கழுவி, வாரம் ஒருமுறை மாலையில் லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்தோம். சுவரில் உரசிய கிளைகளை நீக்கியதும் எறும்பின் பாதை பாதியாகக் குறைந்தது.

கடும் நஞ்சு தெளிக்கலாமே என்று மகன் தொலைபேசியில் கேட்டார். 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் செம்பருத்தியையும் அழித்துக்கொண்டு தமிழகம் முழுதும் பரவியபோது, மருந்து தெளித்துப் பலன் கிட்டவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகளே அதை அடக்கின. வீட்டுக் கொல்லையில் நஞ்சு தெளித்தால் அத்தகைய நட்புப் பூச்சிகளே முதலில் சாகும் என்பதை விளக்கினோம், அவர் ஏற்றுக்கொண்டார்.

பவளமல்லி ஆவணி முதல் மார்கழி வரை பூப்பது. எனவே மாசித் தொடக்கத்தில், பூ முழுதும் ஓய்ந்து விதை முற்றியபின் தொட்டோம். அதன் மேல் கிடந்த காகிதப்பூவைப் பக்கத்து வீட்டாரின் ஒப்புதலோடு சுவர் மட்டத்தில் அறுத்தோம். கைத்தடிமனுக்கு மேற்பட்ட கிளைகளை மூன்று அறுப்பாக எடுத்தோம்: அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறம் பாதி ஆழம், அதற்கு அப்பால் மேற்புறம் முழுதும், கிளை விழுந்தபின் எஞ்சிய கட்டையைக் கிளைக்கழுத்தை, அதாவது கிளை அடிமரத்தோடு சேரும் இடத்துப் புடைப்பை, ஒட்டி. நேராக ஒரே அறுப்பில் எடுத்தால் கிளை தன் எடையால் முறிந்து, அடிமரத்துப் பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டு போய்விடும். கழுத்தை விட்டுவைத்தால்தான் காயம் மூடும்.

விளைவு

மல்லிகையில் மாசிக் கடைசியில் மொட்டுக் கண்டது. பங்குனியில் நாள்தோறும் இரண்டு முழம் தொடுக்கும் அளவுக்குப் பூ வந்தது. மொட்டுப்புழு சில மொட்டுகளைத் துளைத்தது. அவற்றைப் பறித்து அழித்ததோடு கட்டுப்பட்டது. அரளியும் நந்தியாவட்டையும் அடியிலிருந்தே தளிர்த்துத் தரைவரை இலை மூடின. வைகாசியில் அவற்றில் விரல்தடிமனுள்ள பெரிய பச்சைப் புழுக்கள், முதுகில் நீலக் கண்போன்ற புள்ளியோடு வந்தன. அரளி அந்துப்பூச்சியின் புழு அது, செடியைக் கொல்லாது, ஆகவே விட்டுவிட்டோம். செம்பருத்தி கைக்கெட்டும் உயரத்தில் பூக்கிறது. பட்டை வெடித்த செடி மட்டும் ஒரு பக்கமாகத் தளிர்க்கிறது, காயத்தின் விளிம்பில் புதுப்பட்டை சுருண்டு ஏறுகிறது. அடுத்த சித்திரை வெயிலைத் தாங்கினால் அது தப்பும் என நம்புகிறேன். இட்லிப்பூவில் மஞ்சள் மெல்லத்தான் குறைகிறது. மூன்றாம் தெளிப்புக்குப் பின் வந்த இலைகளே முழுப் பச்சையாக உள்ளன.

தரைக்கல் பேச்சு நின்றது. துவைகல்லைச் சுற்றி நான்கடி மட்டும் கல் பதித்து, எஞ்சிய இடம் செடிக்கென்று விடப்பட்டது. மல்லிகை அறுப்பு இனி ஆண்டுதோறும் கார்த்திகைக் கடைசியில். அதற்கு வலையங்குளத்து விவசாயியே வருவதாகச் சொல்லியிருக்கிறார். செம்பருத்தியின் இரண்டாம் பங்குப் பழந்தண்டுகளில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்திருக்கிறோம். அவை வரும் தையில் எடுக்கப்படும்.